நாலு பாட்டில் சர்க்கரைத் தண்ணி

நகர்ந்து உட்காருங்க, இடம் இருக்குது. நீங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க. பையை எடுங்கன்னு நீங்க சொன்னதுக்கு நான் வெடுக்குன்னு பேசினது உங்க மேல இருக்கிற கோவத்துல இல்லீங்க. காலையில இருந்தே அப்படித்தான் இருக்கேன். தாராபுரத்துல என் தம்பியைப் பார்த்துட்டு வர்றேன். பார்த்துட்டு வர்றேன்னா, கூட்டிட்டு வரலாம்னு போனேன். தனியாத்தான் வர்றேன்.

என் பேரு சென்னியப்பன். ஸ்பின்னிங் மில்லுல டெஸ்டிங் லேப்ல முப்பத்தோரு வருசம். நூல் எத்தனை முறுக்கு, எவ்வளவு ஈரம், எல்லாம் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் லோடு ஏறும். எதையும் அளந்து பார்க்காம நம்பமாட்டேன். அதுதான் என் குணம். ரிட்டயர் ஆன பிறகு சிங்காநல்லூர்ல அபார்ட்மெண்ட் வீட்டுக்குள்ள செடி வெச்சேன். ஆந்தூரியம் தெரியுங்களா? சிவப்பா, மெழுகு தடவின மாதிரிப் பூ இருக்குமே, அது. வெயில் வராத ரூம். ரேக்கு அடிச்சு, லைட்டு போட்டு, பதினெட்டுத் தொட்டி.

போன வருசம் மலர்க் கண்காட்சிக்குக் கொண்டு போனேன். அந்த ஜட்ஜம்மா என் தொட்டிகிட்ட நிக்கக்கூட இல்லீங்க. நடந்துட்டே போயிட்டாங்க. எனக்கு அது ஆறவே இல்லை. அப்பறம்தான் ஒரு வீடியோவுல பார்த்தேன். செடிக்கு உரம், தண்ணி, வெளிச்சம் மட்டும் போதாது, காத்துல கார்பன் டை ஆக்ஸைடு சேர்த்துக் குடுத்தா இலை தடிமனாகும், பூ பெருசாகும்னு ஒருத்தன் சொல்றான். சிலிண்டர் எல்லாம் வேண்டாமாம். வீட்டுலயே பண்ணிக்கலாமாம்.

ரொம்ப சுலபமுங்க. ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் காலி. அதுல ரெண்டு டம்ளர் சர்க்கரை. முக்கால் பாட்டில் வெதுவெதுப்பான தண்ணி. பேக்கரியில ரொட்டிக்குப் போடறாங்களே ஈஸ்ட், அது அரை ஸ்பூன். மூடியில ஓட்டை போட்டு, மீன் தொட்டிக்கு விக்கிற சின்ன டியூப்பைச் சொருகிப் பசை வெச்சு அடைச்சரணும். டியூப்போட அந்த முனையை ஒரு டம்ளர் தண்ணியில முக்கி வெச்சா, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு கேஸை விட விட, குமிழி குமிழியா வரும். நிமிசத்துக்கு எத்தனை குமிழின்னு எண்ணி நோட்டுல எழுதிக்கலாம். ரெண்டு வாரம் ஓடணும். ஓடணும்!

தை மாசம் ஆரம்பிச்சேன். நாலு பாட்டில். ரேக்குல ஒரு தட்டுக்கு ஒண்ணு. முதல் நாள் சாயங்காலம் குமிழி வந்தது பாருங்க, எனக்கு மில்லுல முதல் சம்பளம் வாங்கின மாதிரி இருந்துச்சு. சுலோச்சனா, வந்து பாருன்னு கூப்பிட்டேன். சுலோச்சனா என் சம்சாரம். வந்து பார்த்தா. மூக்கைப் பொத்திக்கிட்டா. "இதை மருதாசலம் ரூம்லயா வெச்சிருக்கப் போறீங்க?"ன்னா. அவளுக்கு எந்த வாடையும் ஆகாது, அதனால நான் கண்டுக்கல.

மருதாசலம்தான் என் தம்பி. அவனைப் பத்திச் சொல்லாம விட்டுட்டேன் பாருங்க. லாரி ஓட்டிட்டு இருந்தான். குடி. சும்மா பொழுதுபோக்குக் குடி இல்லீங்க, காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடி வேணும். பொண்டாட்டி புள்ளையைக் கூட்டிட்டுப் போயிட்டா. அப்பறம் ஒரு மையத்துல ஆறு மாசம் வெச்சு சரி பண்ணினாங்க. சரியாகி வெளிய வந்தப்ப யாரும் சேர்த்துக்கல. நான்தான் கூட்டிட்டு வந்தேன். நாப்பத்தொம்பது வயசு ஆளுக்கு ஒரு ரூமே குடுத்தேன். செடி இருக்கிற ரூமுதான், ஆனா கட்டில், ஃபேன் எல்லாம் இருக்குது.

அவன் வந்ததுல இருந்து எங்க வீட்டுல நான் எவ்வளவு கட்டுப்பாடுன்னு கேளுங்க. ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது. இருமல் மருந்து வாங்கினாக்கூட லேபிளைப் படிச்சுட்டுத்தான் வாங்குவேன். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டுல கேக் குடுத்தாங்க, இதுல ரம்மு ஊத்தியிருக்குதான்னு வாசல்லயே நின்னு கேட்டேன். அந்தம்மாவுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. போகட்டும். என் தம்பிக்காகத்தானே?

சரி, குமிழிக்கு வர்றேன். முதல் மூணு நாள் பிரமாதம். நாலாவது நாள் போய்ப் பார்த்தா, ஒண்ணும் இல்லை. நாலு பாட்டிலும் செத்துக் கிடக்குது. ரெண்டு வாரம் ஓட வேண்டியது நாலு நாள்ல நின்னுருச்சு. சரி, ஈஸ்ட் பழசுன்னு நினைச்சேன். ஒண்டிப்புதூர்ல ஒரு பேக்கரிக்காரன்கிட்டப் போய்ப் புதுசு வாங்கினேன். மறுபடியும் மூணு நாள் ஓடுது, நாலாவது நாள் நிக்குது. டியூப்பு ஒழுகுதான்னு சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தேன். ஒழுகல. குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும்னு கேன் தண்ணிக்கு மாத்தினேன். நாட்டுச்சர்க்கரைக்கு மாத்தினேன். பாட்டிலை மாத்தினேன். மூடியை மாத்தினேன். பேக்கரிக்காரன், "ஏனுங்க, நான் இதே ஈஸ்ட்லதான் தினம் முந்நூறு பன்னு போடறேன், எனக்கு உப்புது, உங்களுக்கு மட்டும் உப்பலியா?"ன்னு கேட்டு சிரிக்கிறான். முப்பத்தோரு வருசம் லேப்ல இருந்தவனுங்க நான். ஒரு பன்னுக்காரன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். எனக்கு எப்படி இருக்கும்?

மருதாசலம் என்ன பண்ணினான்னு கேக்கறீங்களா? அவன் ஒண்ணும் சொல்லலீங்க. அவன் பாட்டுக்கு இருப்பான். காலையில எந்திரிச்சு ஈரத்துணி எடுத்து ஒவ்வொரு இலையாத் தொடைப்பான், தண்ணி ஊத்துவான், பழுத்த இலையைக் கிள்ளி எடுப்பான். அதெல்லாம் சின்ன வேலை. குமிழிதான் முக்கியம்.

ஆங், முதல் வாரம் ஒரு தடவை, "அண்ணா, இது கள்ளு மாதிரி வாடை அடிக்குதுங்கண்ணா"ன்னான். நான் உட்கார வெச்சுப் பேப்பர்ல படம் போட்டே விளக்கினேன். "பாருடா, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னா ரெண்டு சாமான் வரும். ஒண்ணு கேஸு, அது செடிக்கு. இன்னொண்ணு ஆல்கஹால், அது சும்மா பாட்டில்ல தங்கிரும், நமக்கு அது வேண்டியதில்லை. வாடைக்குக் காரணம் அதுதான்"ன்னு தெளிவாச் சொன்னேன். தலையை ஆட்டிட்டான். புரிஞ்சுக்கிட்டான்.

அப்பறம் ஒரு நாள் ஹால்ல படுத்துக்கறேன்னான். "ரூம் குடுத்திருக்கேன்ல, எதுக்கு ஹால்ல படுக்கறே?"ன்னு கேட்டேன். அதுவும் இல்லாம, அவன் உள்ள படுத்துக் கதவைச் சாத்தினாத்தான் கேஸு வெளிய போகாம நிக்கும். கதவை நான் சாத்திட்டு வந்தா போதாதான்னு நீங்க கேக்கலாம். ஆளு உள்ள இருந்தா மூச்சு விடறதும் சேரும்ல? ஒரு மனுசன் விடற மூச்சுல இருக்கிற கேஸு நாலு பாட்டிலை விட அதிகமுங்க. அதையும் கணக்குப் போட்டுத்தான் வெச்சிருந்தேன்.

இன்னொரு நாள், பாட்டிலை மட்டும் பால்கனிக்கு மாத்தலாமான்னான். டியூப்பு எட்டாதுன்னு சொல்லிட்டேன்.

இப்படியே பங்குனி வந்துருச்சு. ஒரு நாள் எனக்கு ஒரு யோசனை. மார்க்கர் பேனாவால நாலு பாட்டில்லயும் தண்ணி மட்டத்துக்குக் கோடு போட்டு வெச்சேன். யாருக்கும் சொல்லல. நாலாவது நாள் பார்த்தா, தண்ணி கோட்டுக்கு ரெண்டு விரக்கடை மேல நிக்குது! மேல எப்படிங்க ஏறும்? மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். புளிச்ச வாடையே இல்லை. வெறும் சர்க்கரைத் தண்ணி. அப்பத்தான் சுலோச்சனா, சர்க்கரை டப்பா இவ்வளவு சீக்கிரம் காலியாகுதேன்னு பத்து நாளாச் சொல்லிட்டு இருந்தது ஞாபகத்துக்கு வந்துச்சு.

நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க? உள்ள இருந்ததை எடுத்துட்டு யாரோ புதுசா ஊத்தி வெக்கறான். அந்த ரூம்ல இருக்கிறது ஒருத்தன். அவன் எப்படிப்பட்ட ஆளு? சொல்லுங்க. அளந்து பார்த்துத்தானே முடிவுக்கு வந்தேன்?

அன்னைக்குன்னு பார்த்து என் தங்கச்சியும் மாப்பிள்ளையும் அவங்க பொண்ணு கல்யாணப் பத்திரிகை வெக்க வந்திருந்தாங்க. இலை போட்டு எல்லாரும் சாப்பிட உட்காந்திருந்தோம். நான் பாட்டிலைக் கொண்டு வந்து இலைக்குப் பக்கத்துல வெச்சேன். "மருதாசலம், இது என்ன?"ன்னு கேட்டேன்.

"சர்க்கரைத் தண்ணிங்கண்ணா"ன்னான்.

"முந்தி இருந்தது எங்க?"

அவன் சோத்தைப் பிசைஞ்சுட்டே இருந்தான்.

"வாயை ஊது."

சுலோச்சனா, "என்னங்க, வேண்டாமுங்க"ன்னா. மாப்பிள்ளை கையைப் பிடிச்சு, "விடுங்க மச்சான், சாப்பிடற நேரத்துல"ன்னாரு. நான் விடல. எனக்கு ஒரு பொருளைச் சோதிக்காம ஒதுக்கத் தெரியாது. "ஊதுடா"ன்னேன். அவன் சோத்துக் கையோட எந்திரிச்சு வந்து, என் மூஞ்சிக்கு நேரா ஊதினான்.

வாயில ஒண்ணும் பெருசா தெரியலீங்க. ஆனா சட்டையில அடிச்சுது. முன்பக்கமெல்லாம் அந்த வாடை. "சட்டையில எப்படிடா வந்துச்சு?"ன்னு கேட்டேன். "குடிக்கலீங்கண்ணா"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். போய்க் கை கழுவினான். என் தங்கச்சி அழுதா.

நான் ஒண்ணும் அடிக்கல, வெளிய போன்னு சொல்லல. மறுநாள் நாங்க ரெண்டு பேரும் காலையில நடந்துட்டு வந்து பார்த்தா ஆளு இல்லை. போர்வையை மடிச்சு வெச்சிருந்தான். பதினெட்டுத் தொட்டி இலையும் தொடைச்சு வெச்சிருந்தான். கல்யாணத்துக்கும் வரல.

அவன் போன பிறகு ஒண்ணு சொல்றேன் கேளுங்க, பாட்டில் நாலும் அருமையா ஓடுச்சு. பதினாறு நாள். நிமிசத்துக்கு நாப்பது குமிழி. பாருங்க, என் முறையில தப்பே இல்லை! ஆனா செடிதான் என்னமோ சரியில்லை. இலை ஓரமெல்லாம் கருகுது, தூசி படிஞ்சு கிடக்குது. கேன் தண்ணி சரியில்லைன்னு நினைக்கிறேன்.

சுலோச்சனா எங்கிட்டப் பேசறதைக் குறைச்சுட்டா. போன வாரம், ஒண்ணு நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க, இல்லீன்னா நான் போறேன்னு நின்னா. தாராபுரத்துல இருக்கான்னு அவளுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்குது. எனக்கும் இப்பக் கோவம் ஆறிப்போச்சு. ஏதோ தப்புப் பண்ணிட்டான், மன்னிச்சுட்டேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துரலாம்னுதான் இன்னைக்குக் கிளம்பினேன்.

அவன் ஒரு சைக்கிள் கடையில இருக்கான். கடைக்காரர் பேரு இருதயராஜ். அறுபது வயசு இருக்கும். அவரும் ஒரு காலத்துல குடிச்சவராம், ஒம்பது வருசமாத் தொடலியாம். குடியை விட்டவங்க எல்லாம் வாரா வாரம் கூடிப் பேசிக்குவாங்களாம், அதுல பழக்கம். மருதாசலம் டியூப்பு வாங்கப் போயிருந்தான். நான் இன்னார்னு சொன்னதும் அவரு ஸ்டூலைத் தொடைச்சுப் போட்டாரு. டீ சொன்னாரு. நான் சொன்னேன்: "அவன் குடிச்சதை நான் மனசுல வெச்சுக்கலீங்க."

அவரு என்னையவே பார்த்தாரு. "யாரு குடிச்சது?"ன்னு கேட்டாரு.

நான் பாட்டில் கதையைச் சொன்னேன். கோடு போட்டதைச் சொன்னேன். அவரு கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டாரு.

"உங்க தம்பி எனக்குக் காலையில போன் பண்ணுவாருங்க. நீங்க ரெண்டு பேரும் வாக்கிங் போயிருக்கிற நேரம். 'கையில பாட்டில் இருக்குதுங்கண்ணா'ம்பாரு. 'ஊத்துங்க'ம்பேன். 'பாத்ரூமுக்குப் போயிக் கீழ ஊத்துங்க, ஊத்தற சத்தம் எனக்குக் கேக்கணும்'பேன். சத்தம் கேக்கற வரைக்கும் நான் போனை வெக்கமாட்டேன். பதினாலு, பதினஞ்சு தடவை இருக்கும். ஒரு நாளு இருபது நிமிசம் ஆச்சுங்க. அவரும் பேசல, நானும் பேசல. மூச்சு மட்டும் கேட்டுட்டே இருந்துச்சு. அப்பறம்தான் சத்தம் கேட்டுது. அன்னைக்குச் சட்டையெல்லாம் கொட்டிக்கிட்டேன்னு சொன்னாரு."

நான் டீயைக் கீழ வெச்சேன்.

"கொட்டறது சரி, எதுக்கு அவன் மறுபடியும் சர்க்கரை போட்டு வெச்சான்?"ன்னு கேட்டேன்.

"அண்ணன் ஆசை ஆசையாப் பண்றாரு, காலிப் பாட்டிலைப் பார்த்தா வருத்தப்படுவாருன்னுதான். அவரே ஈஸ்ட்டும் போட்டுச் சுடுதண்ணி ஊத்தி வெச்சிருக்காரு"ன்னாரு.

சுடுதண்ணி! அப்பத்தான் எனக்கு விளங்குச்சு, ஏன் நாலாவது நாள் நிக்குதுன்னு. மூணு மாசமுங்க. ஈஸ்ட்டை மாத்தி, தண்ணியை மாத்தி, பன்னுக்காரன்கிட்டச் சிரிப்பா சிரிச்சு. அந்த நேரம் பார்த்து மருதாசலம் உள்ள வந்தான். உடம்பு கொஞ்சம் தேறியிருக்கான். "வாங்கண்ணா"ன்னான். எனக்கு என்னென்னமோ சொல்லணும்னு தொண்டை வரைக்கும் வந்துச்சுங்க. சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். சத்தியமா. வாயில இருந்து வந்தது என்ன தெரியுங்களா?

"சுடுதண்ணியாடா ஊத்தினே? ஈஸ்ட் செத்துப் போயிரும்ல? வெதுவெதுப்பாத்தான் ஊத்தணும்னு பேப்பர்ல எழுதி ஒட்டியிருந்தேனே, பார்க்கலியா?"

இருதயராஜ் எந்திரிச்சு ரோட்டுக்குப் போயிட்டாரு.

மருதாசலம், "பார்க்கலீங்கண்ணா"ன்னான். வாங்கிட்டு வந்த டியூப்பை ஆணியில மாட்டினான். "செடியெல்லாம் நல்லா இருக்குதுங்களா?"ன்னான்.

"இலை கருகுது."

"வாரத்துக்கு ரெண்டு தடவை ஈரத்துணியில தொடைச்சு விடுங்க. தொட்டிக்கு அடியில இருக்கிற தட்டுக் காயற வரைக்கும் தண்ணி ஊத்தாதீங்க. பாட்டிலு ஓடுதுங்களா?"

"நல்லா ஓடுதுடா. நாப்பது குமிழி"ன்னேன்.

சிரிச்சான். நிஜமாவே சந்தோசமாத்தான் சிரிச்சான். "நீ வீட்டுக்கு வாடா"ன்னேன். "அந்த ரூமையே எடுத்துக்க, சாவிகூட வேணாம், எப்ப வேணா வா." அவன் கீழ பார்த்துட்டு, "இல்லீங்கண்ணா, நான் இங்கயே இருந்துக்கறேன். இங்க எனக்குத் தூக்கம் வருது"ன்னான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தான். இந்த சீட்டுல துண்டு போட்டு இடம் பிடிச்சுக் குடுத்துட்டு, பஸ்ஸு நகர்ற வரைக்கும் கீழ நின்னான். நான் கையைக்கூட ஆட்டல. ஏன் ஆட்டலைன்னு தெரியலீங்க. இவன் நாப்பத்தொம்பது வயசுல எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு வந்து ஊதினானே, அப்ப "அண்ணா, நான் கொட்டிட்டுத்தான் இருந்தேன்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆகியிருக்குமா இதெல்லாம்? நான் என்ன ராட்சசனா?

குண்டடம் வர்றப்ப, நீங்க ஏறறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, சுலோச்சனாவுக்குப் போன் பண்ணினேன். எல்லாத்தையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியுமுங்க"ன்னா.

"என்ன தெரியும்?"

"பாத்ரூம்ல அந்த வாடை அடிக்கும். கேட்டேன், அழுதுட்டான். அண்ணன்கிட்டச் சொல்லாதீங்க அண்ணி, மனசு விட்டுப்போயிரும்னான். நான் அன்னைக்குச் சாப்பாட்டு நேரத்துல சொல்ல வந்தேன். நீங்க கையைக் காட்டி நிறுத்தினீங்க."

நிறுத்தினேனா? எனக்கு ஞாபகமே இல்லீங்க. அப்பறம் சொல்றா, காலையில நான் பஸ் ஏறினதும் நாலு பாட்டிலையும் கொட்டிக் கழுவிக் குப்பைக்குப் போட்டுட்டாளாம். டியூப்பு, மூடி, குமிழி எண்ணின நோட்டு, எல்லாம். "நோட்டையுமா?"ன்னேன். "ஆமாங்க"ன்னா. போனை வெச்சுட்டா.

பாருங்க. தம்பி சொல்லல. பொண்டாட்டி தெரிஞ்சும் சொல்லல. நான் ஒரு ஆளு அந்த வீட்டுல பாட்டிலுக்கு முன்னாடி ஸ்டூல் போட்டு உட்காந்து மூணு மாசம் எண்ணிட்டு இருந்திருக்கேன், யாருமே எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க. எங்கிட்டச் சொன்னா நான் கேக்கமாட்டனா? நீங்களே சொல்லுங்க, இப்ப உங்ககிட்ட எவ்வளவு பொறுமையாப் பேசிட்டு வர்றேன்.

ஏனுங்க, பல்லடம் வந்துருச்சா? நீங்க இங்கயா இறங்கணும்? என்னமோ சொல்ல வாயெடுத்தீங்களே, குண்டடத்துல இருந்தே ரெண்டு மூணு தடவை பார்த்தேன். சொல்லுங்க, பரவாயில்லை... இல்லீங்களா? சரி, சரி, போயிட்டு வாங்க. பார்த்து இறங்குங்க.